ஈதர் போன மீட்டருக்கு உயிர் கொடுத்த பட்டறை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கூலி 148 பவுண்டு. நான் அனுப்பிய தபால் செலவு 9 பவுண்டு தனி. நான்கு வாரம் என்றார்கள், ஒன்பது வாரம் ஆனது. இரண்டு முறை கோபமாகத் தொலைபேசியில் பேசினேன்; மூன்றாவது முறை அவர்கள் எடுக்கவே இல்லை. இத்தனைக்கும் பிறகு, என் 1971 எம்ஜிபி ரோட்ஸ்டரின் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியை இன்னொரு தடவை உடைத்தேன் என்றால் அதே பட்டறைக்குத்தான் அனுப்புவேன்.

பட்டறையின் பெயர் இதில் இருக்காது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஒரு பண்ணையின் ஓரத்தில் இருக்கும் தகரக் கொட்டகை அது. வேலை செய்பவர்கள் இரண்டே பேர்: எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், அவருடைய மகள். வரிசை ஏற்கெனவே நீளம், தயவுசெய்து பெயரைப் போடாதீர்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் கூடும் எந்த இடத்தில் விசாரித்தாலும் இப்படி நாலைந்து பட்டறைகளின் பெயர் கிடைக்கும். அவற்றில் நல்லது எது என்று தெரிந்துகொள்வது வேறு விஷயம். அதற்கு நான் கீழே எழுதுவது பயன்படலாம்.

உடைத்தது நானேதான். மெக்கானிக் யார் மீதும் பழி போட வழியில்லை. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டை மாற்றலாம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். சிலிண்டர் ஹெட்டைத் தூக்குவதற்கு முன் அதற்குள் செருகியிருக்கும் வெப்பமானிக் குமிழை வெளியே எடுக்க வேண்டும். சுண்டுவிரல் அளவுள்ள உலோகக் குமிழ். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் (கூலண்ட்) ஓடும் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாலாக ஒரு செப்புக் குழாய். உள்ளே ஊசிமுனை அளவு துளை, வெளியே பாதுகாப்புக்குச் சுருள் கம்பி. அது எஞ்சின் அறையைக் கடந்து, தடுப்புத் தகட்டில் உள்ள ரப்பர் வளையத்தின் வழியாக நுழைந்து, டாஷ்போர்டில் இருக்கும் மீட்டரின் முதுகில் போய் முடியும். மீட்டர், குழாய், குமிழ் மூன்றும் ஒரே பொருள். நடுவில் கழற்றுவதற்கு இணைப்பு எதுவும் கிடையாது.

குமிழைப் பிடித்திருக்கும் நட்டைத் திருப்பினால் நட்டு மட்டும் சுற்ற வேண்டும், குமிழ் அசையக் கூடாது. ஐம்பது வருடத் துருவில் நட்டும் குமிழும் தம்பதியாகிவிட்டிருந்தன. ஸ்பேனரைக் கால் வட்டம் திருப்பினேன், குழாயும் சேர்ந்து முறுக்கியது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கால் வட்டம்தானே என்று நினைத்தேன். சத்தம்கூட வரவில்லை. இனிப்பும் நெடியும் கலந்த ஒரு மணம் மட்டும் மூக்கில் ஏறியது. அது ஈதர், குமிழுக்குள் அடைத்திருந்த திரவம். 1846-இல் பாஸ்டன் மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு நோயாளியை மயக்கிக் காட்டப் பயன்பட்டதே, அதே ஈதர். எனக்கு மயக்கம் வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. அன்றிலிருந்து முள் ‘சி’ எழுத்தில், அதாவது குளிரில், படுத்தது. எஞ்சினை எவ்வளவு சூடாக்கினாலும் எழவில்லை.

இந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வார இறுதிகளில் டிட்காட் ரயில்வே சென்டரில் நீராவி எஞ்சின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னை அங்கே அழைத்துப்போய், எஞ்சின் ஓட்டுநர் நிற்கும் இடத்தில் இருந்த பெரிய பித்தளை அழுத்தமானியைக் காட்டினார். “உன் காரில் இருப்பது இதன் பேரன்தான்” என்றார். யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் உரிமம் பெற்ற அமைப்பு அது. தட்டையான குழாய் ஒன்றைக் கேள்விக்குறி போல வளைத்து ஒரு முனையை அடைத்துவிட வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரப் பார்க்கும். பிறந்தநாள் விழாவில் குழந்தைகள் ஊதினால் நீளுமே காகிதச் சுருள், அதுபோல. அந்த அசைவைச் சிறிய பல்சக்கரங்கள் முள்ளுக்குக் கொண்டுபோகும். அவ்வளவுதான். மின்சாரம் என்ற பேச்சே இல்லை.

ஆயில் அழுத்தத்தையும் எஞ்சின் சூட்டையும் சேர்த்துக் காட்டும் எம்ஜிபியின் இரட்டை மீட்டரில் இப்படி இரண்டு பூர்தோன் குழாய்கள், ஒரே சிறிய வட்டத்துக்குள். ஒன்றுக்குள் எஞ்சின் ஆயிலே நேராக வந்து அழுத்துகிறது. மற்றதில் ஈதர். ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே சூடான எஞ்சினில் குமிழுக்குள் அது பாதி திரவம், பாதி ஆவி. 100 டிகிரிக்கு வரும்போது ஆவியின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் போய்விடும். இந்த ஏற்றம் சீரானது அல்ல, சூடு கூடக்கூடப் பாய்ச்சலாக ஏறும். அதனால்தான் முள் குளிரில் சோம்பேறியாகக் கிடந்து, எஞ்சின் ஆபத்தான சூட்டை நெருங்கும்போது சுறுசுறுப்பாகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் குணம்தான். இன்றைய கார்கள் பலவற்றில் முள்ளை நடுவில் நிறுத்தி வைத்து, நிலைமை கைமீறிய பிறகு சிவப்பு விளக்கைக் காட்டுகிறார்கள். ஓட்டுபவர் பதறக் கூடாதாம்.

மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்சார மீட்டர் ஒன்றை வைத்துக்கொள் என்று சொன்னவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் அந்த டாஷ்போர்டில், கறுப்புச் சொரசொரப்பு வண்ணத்துக்கு நடுவே, ஸ்மித்ஸ் என்று எழுதிய ஐந்தாறு முகங்கள் ஒரே குடும்பமாக இருக்கின்றன. கடிகாரக் கடையாகத் தொடங்கி, லண்டன் கிரிக்கிள்வுட்டில் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்த நிறுவனம் ஸ்மித்ஸ். அந்த எழுத்துருவிலும் முள்ளின் மெலிவிலும் கடிகாரக்காரனின் கை தெரியும். அங்கே ஒரு அந்நிய முகத்தைச் செருக எனக்கு மனம் வரவில்லை. வீண் பிடிவாதம் என்று என் மனைவி சொன்னாள். இருக்கலாம்.

முதலில் மலிவாக முடிக்கத்தான் பார்த்தேன். இணைய ஏலத்தில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற அறிவிப்போடு ஒரு இரட்டை மீட்டர் 85 பவுண்டுக்குக் கிடைத்தது. விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். பெட்டியைப் பிரித்தபோது பளபளவென்று இருந்தது. நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்பவன். அடுப்புகளின் வெப்பமானிகள் உண்மை சொல்கின்றனவா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் அன்றாடம். ஆகவே பளபளப்பை நம்பும் பழக்கம் இல்லை. சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, குமிழை உள்ளே விட்டேன். ரசம் வைக்கும் பாத்திரத்தையா எடுத்தீர்கள் என்று கேட்டு, அந்தப் பாத்திரத்தை எனக்கே எழுதி வைத்துவிட்டாள் மனைவி.

எங்கள் டிட்காட் கடல் மட்டத்தைவிடப் பெரிய உயரத்தில் இல்லை. தண்ணீர் இங்கே ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். என் அளவைக் கண்ணாடி வெப்பமானியும் அதையே சொன்னது. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க, அந்தப் ‘புதுப்பிக்கப்பட்ட’ மீட்டரின் முள் ‘என்’ எழுத்தை மயிரிழை தாண்டி நின்றது. ‘என்’ என்றால் இயல்பு. அதை வண்டியில் மாட்டியிருந்தால், ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறும்போதும் அது எல்லாம் நலம் என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். செத்துப்போன மீட்டரை யாரும் நம்ப மாட்டார்கள், ஆகவே அதனால் கேடு இல்லை. இது அதைவிட மோசம்.

ஏன் இப்படி ஆனது என்று பிறகு பட்டறைப் பெரியவர் விளக்கினார். மலிவான வேறு ஏதோ ஒரு வெப்பமானியின் குழாயையும் குமிழையும் வெட்டி எடுத்து, பழைய எம்ஜிபி மீட்டரில் ஈயப் பற்று வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஈதர் தப்பிவிடாமல் இருக்கக் குமிழை ஐஸும் உப்பும் கலந்த வாளியில் அமுக்கி வைத்துக்கொண்டு, மறுமுனையில் பற்று வைப்பார்கள். ஐஸில் இருக்கும்வரை ஈதர் திரவமாகவே கிடக்கும். கெட்டிக்காரத்தனமான வழிதான், வீட்டிலேயே செய்பவர்கள் நிறையப் பேர். தெருக்கோடி ரயில்வேக்காரரும் எனக்கு அதைத்தான் சிபாரிசு செய்தார். தீப்பிடிக்கும் ஈதருக்கு ஒரு முழம் தள்ளி ஊதுகுழல் பிடிக்க எனக்குத் துணிவு இல்லை. அதைவிட முக்கியம், ஒட்டி முடித்தால் பாதி வேலைதான் ஆயிருக்கும். அந்தக் குழாய் வேறொரு முகத்துக்காக அளந்து நிரப்பப்பட்டது. இந்த முகத்தில் அது எங்கே நிற்கும் என்று யாராவது சோதித்து, முள்ளைத் திருத்தி உட்கார வைக்க வேண்டும். 85 பவுண்டுக்காரர் அதைச் செய்யவில்லை. நான் எழுதிக் கேட்டதற்கு, முள் அசைகிறதல்லவா, பிறகென்ன என்று பதில் போட்டார். பாதிப் பணம் திரும்ப வந்தது.

பட்டறைக்கு மின்னஞ்சல் கிடையாது. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் அழைத்தால் மகள் எடுப்பார். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது: “குழாய் மீட்டர் பக்கம் உடைந்ததா, குமிழ் பக்கம் உடைந்ததா?” அடுத்தது, “டயலுக்குப் புது வண்ணம் வேண்டுமா, இருப்பது இருக்கட்டுமா?” இருப்பது இருக்கட்டும் என்றேன். “நல்லது, எழுத்து மங்கலாக இருந்தாலும் அது அசல்” என்றார். பொட்டலம் கட்டும் முறையையும் சொன்னார். குழாயைச் சாப்பாட்டுத் தட்டை விடச் சிறிய வட்டமாகச் சுருட்டக் கூடாது, உடைந்த முனையை ஒட்டுநாடாவால் மூட வேண்டும், ஆயில் வரும் முனையைத் துடைத்து ஒரு மூடி போட வேண்டும். உடைந்த துண்டு, துருப்பிடித்த நட்டு உட்பட எதையும் எறியாமல் அனுப்ப வேண்டும். உடைந்ததை வைத்து என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். குழாயின் நீளத்தை அளப்பதற்காம்.

ஒன்பது வாரம். இதில் நான் சமாதானம் ஆகவில்லை. ஏப்ரலும் மேயும் இந்த நாட்டில் கூரையில்லாத கார் ஓட்டுவதற்குக் கடவுள் தரும் மாதங்கள். ஆறாவது வாரம் அழைத்தபோது, குழாய் வரவில்லை என்றார்கள். ஏழாவது வாரம், குழாய் வந்துவிட்டது, அப்பாவுக்கு இடுப்பு வலி என்றார்கள். தாமதம் ஆகும் என்று அவர்களாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் நானே தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. வேலை தெரிந்த கைக்கு வாய் இருக்காது என்பார்களே, அதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை.

பொட்டலம் வந்த நாள் சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். முதலில் கண்ணில் பட்டது மீட்டர் இல்லை, ஒரு அட்டை. கார்பன் தாளில் எடுத்த நகல் போல, கையால் எழுதியது. இடது பத்தியில் வெப்பம்: 50, 70, 82, 90, 100 டிகிரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே முள் எங்கே நின்றது என்று டயலின் சிறிய கோட்டுப்படம். வலது பத்தியில் ஆயில்: 20, 40, 60, 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம்), ஏறும்போது எவ்வளவு காட்டியது, இறங்கும்போது எவ்வளவு காட்டியது. 60-இல் மட்டும் இரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுகிறது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையில் நான் கையெழுத்துப் போடும் சான்றிதழ்கள் அச்சடித்தவை, முத்திரை குத்தியவை. தன் பிழையைத் தானே எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் அவற்றில் அபூர்வம். 148 பவுண்டில் 100 பவுண்டை நான் அந்த அட்டைக்குத்தான் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 82 என்ற எண்ணும் சும்மா எழுதியது அல்ல. எம்ஜிபிக்குச் சாதாரணமாகப் போடும் தெர்மோஸ்டாட், அதாவது கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் கதவு, 82 டிகிரியில் திறப்பது. வெப்ப நாடுகளுக்கு 74, கடுங்குளிர் நாடுகளுக்கு 88. நல்ல எஞ்சின் ஓடிச் சூடானதும் வாழ வேண்டிய இடம் அது. அட்டைப்படி 82-இல் முள் ‘என்’ எழுத்தின் நடுமுதுகில் நிற்க வேண்டும், 100-இல் சூட்டைக் குறிக்கும் ‘எச்’ எழுத்தின் ஓரத்தைத் தொட வேண்டும். மறுபடியும் எனக்கே எனக்கான அந்தப் பாத்திரத்தை எடுத்தேன். தண்ணீர் கொதித்தது, முள் நடந்து போய் ‘எச்’சின் ஓரத்தில் நின்றது. ஐஸ் தண்ணீரில் விட்டதும் தயங்காமல் இறங்கியது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதே இடம்.

வேலைப்பாட்டைப் பற்றி: புதுக் குழாயின் சுருள் கம்பி சீராக இருந்தது. குமிழோடு சேரும் இடத்தில் பற்று வழிந்து கட்டியாகவில்லை. டயலைத் தொடவில்லை, தூசியை மட்டும் எடுத்திருந்தார்கள். மங்கிய வெள்ளை எழுத்துகள் அப்படியே, பக்கத்து மீட்டர்களோடு ஒரே வயதாகத் தெரிந்தன. முகப்பு வளையத்துக்குப் புது ரப்பர். குறை ஒன்று உண்டு. கண்ணாடியில் ஓரமாக ஒரு சின்னக் கீறல், நான் அனுப்பியபோது இல்லாதது. புகைப்படம் எடுத்து வைத்திருந்ததால் எனக்குத் தெரியும். சொன்னபோது மகள் மறுக்கவில்லை. திருப்பி அனுப்பினால் மாற்றித் தருகிறோம் என்றார். இன்னொரு ஒன்பது வாரமா! கீறலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொட்டலத்தின் மூலையில் ஒரு சிறிய காகித உறை. உள்ளே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய தோல் வாஷர் ஒன்று. ஆயில் குழாய் மீட்டரின் முதுகில் சேரும் இடத்தில் அது உட்கார வேண்டும். அதை மறந்தவர்கள் எஞ்சினை முடுக்கிய சில நொடிகளில் கால்சட்டை முழங்காலில் சூடான ஆயிலை வாங்கிக்கொள்வார்கள். பழைய வாஷரை நான் எங்கேயோ தொலைத்திருந்தேன், தொலைத்தது எனக்கே தெரியாது. கேட்காமலே வைத்திருந்தார்கள். உறையின் மேல் பென்சிலில் எழுதியிருந்தது: “மாட்டும் முன் ஆயிலில் ஊற வைக்கவும்.”

மாட்டுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருக்கைகளுக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பை முதலில் எடுக்க வேண்டும். பிறகு தலையைப் பெடல்களுக்குப் பக்கத்தில் வைத்து, காலை இருக்கையின் மேல் தூக்கிப் போட்டு, யோகாசனம் போலக் கிடந்து, விரல் நுனியால் திருகு நட்டுகளைத் தேட வேண்டும். எனக்கு 52 வயது, கழுத்து இரண்டு நாள் பேசியது. குழாயை எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு தாராளமான வளையமாக விட வேண்டும் என்பது பெரியவரின் உத்தரவு. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும், கார் உடல் ஆடாது. வளையம் இல்லாமல் இழுத்துக் கட்டினால் குழாய் மறுபடி சோர்ந்து உடையும். குமிழின் நட்டுக்குச் செம்புப் பசை தடவச் சொன்னார். அடுத்த முறை கழற்றும்போது என்னைப் போன்ற ஒருவனிடமிருந்து அது தப்பிக்க வேண்டுமாம்.

முதல் ஓட்டத்துக்கு ஆபிங்டன் போனேன். வேறெங்கே போவது? இந்த வண்டி பிறந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்தான். 1980 அக்டோபரில் அங்கே தொழிற்சாலையை மூடினார்கள். அதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்ஜிபி செய்து தள்ளியிருந்தார்கள். அத்தனை வண்டி இருப்பதால்தான் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. 1988-இலிருந்து பழைய அச்சுகளிலேயே முழு உடலையும் புதிதாக அடித்து விற்கிறார்கள். புதுச் சட்டையாக ஒரு முழுக் கார் உடலே வாங்கலாம், உண்மை சொல்லும் வெப்பமானிக்குத்தான் இடுப்பு வலிக்காரர் ஒருவரை நம்ப வேண்டியிருக்கிறது.

குளிர்ந்த எஞ்சினில் ஆயில் முள் 70-க்கு மேல் துள்ளியது. நிமிடத்துக்கு மூன்றாயிரம் சுற்றில், அதாவது மணிக்கு ஐம்பத்து நாலு மைல் வாக்கில், சூடான பிறகு 60. ஆபிங்டன் சந்தைச் சதுக்கத்துக்கு முன் சிக்னலில் நின்றபோது 18. எம்ஜிபியின் பழுதுபார்ப்புக் கையேடு ஓட்டத்தில் 50 முதல் 80, நிற்கும்போது 10 முதல் 25 என்கிறது. எஞ்சின் நலம். வெப்ப முள் ‘என்’னின் முதுகிலேயே கிடந்தது. சிக்னலில் நிற்க நிற்க ஒரு முள்ளளவு ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கியது. அப்படி ஏறி இறங்குவதுதான் உயிருள்ள மீட்டருக்கு அடையாளம்.

அன்று இரவு காரைக்குடியில் இருக்கும் அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருடம் மதுரைக்கும் காரைக்குடிக்கும் அம்பாசடர் வாடகைக் கார் ஓட்டியவர். எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினும் ஒரே ‘பி’ வரிசைக் குடும்பம் என்று நான் சொன்னதிலிருந்து, என் காரைத் தன் காரின் தம்பி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய வண்டியில் வெப்ப முள் அசைந்து நான் பார்த்ததே இல்லை. மேலூர் தாண்டியதும் மூக்கை உறிஞ்சுவார், பானெட்டிலிருந்து வரும் வாடையை வைத்து நிறுத்துவதா போவதா என்று முடிவு செய்வார். டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர்.

“எவ்வளவு கொடுத்தாய்?” என்றார்.

சொன்னேன். ரூபாயாக மாற்றிப் பார்த்தார் போலும், சிறிது நேரம் பேச்சில்லை.

“அந்தப் பணத்துக்கு நான் ஒரு எஞ்சினையே இறக்கி ஏற்றியிருப்பேனப்பா.”

இன்னொன்றையும் சொல்லி முடிக்க வேண்டும், பட்டறையை எடைபோட அதுவும் வேண்டும். வெப்பமானி சரியான பிறகு என் கண் பெட்ரோல் மீட்டரின் மேல் விழுந்தது. தொட்டியை நிரப்பினால் முள் முழுத் தொட்டியைக் குறிக்கும் ‘எஃப்’ஐத் தாண்டிப் போய்க் கிடந்தது, நூறு மைல் ஓடிய பிறகும் அவ்வளவாக இறங்கவில்லை. அதையும் கழற்றி அனுப்புகிறேன், மறுபடி ஒன்பது வாரம் ஆனாலும் சரி என்று தொலைபேசியில் சொன்னேன். அன்று எடுத்தது பெரியவர். அனுப்பாதே என்றார். அந்த மீட்டர் மின்சாரத்தில் வேலை செய்வது. பேட்டரியின் ஏற்ற இறக்கம் அதைப் பாதிக்காமல் இருக்க டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு மின்னழுத்த நிலைப்படுத்தி இருக்கிறது. உள்ளே ஒரு ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேர்க்கும். இப்படி விட்டுவிட்டுத் தருவதன் சராசரி பத்து வோல்ட். அந்தப் பெட்டியைக் காரின் உடலோடு சேர்க்கும் திருகு துருப்பிடித்தால் பட்டை சூடாகாது, துண்டிக்கவும் துண்டிக்காது. பேட்டரியின் முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். முள் இருப்பதைவிட அதிகம் காட்டும். “முதலில் அந்தத் திருகைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் அழையுங்கள்.”

மறுபடியும் தலைகீழாகக் கிடந்தேன். திருகு காவி நிறத்தில் இருந்தது. தேய்த்து மாட்டி, சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். முக்கால் தொட்டி என்று நான் நம்பியிருந்த முள், நிதானமாக இறங்கி, பாதிக்கும் கீழே போய் நின்றது. பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன்.